வீசம்

கடையில் இருந்தது அறுநூற்று நாற்பது பிராங்.
தானே அளக்கும், தானே கணிக்கும்,
கமராவோடு தானே கதைக்கும் என்றான் விற்கிற பெடியன்.
அவ்வளவும் அதுவே செய்தால்
நான் எதுக்கு என்று கேட்கவில்லை.
சம்பளத்துக்கு இன்னும் பதினொரு நாள் கிடந்தது.

பழஞ்சாமான் சந்தையில் ஐந்து பிராங்குக்கு ஒன்று,
செங்கல் பாரம், என் வயதிருக்கும்.
கை வைத்த பிறகுதான் நினைவு வந்தது:
அந்தக் காலத்துப் பிளாஷ் சிலது
பாதத்தில் இருநூறு வோல்ட்டை ஒளித்து வைத்திருக்கும்.
புதுக் கமராவின் நெஞ்சில் ஒரே அடி.
சும்மா வந்து வீட்டைக் கொளுத்திவிட்டுப் போகிற
ஆட்களை எனக்கும் தெரியும்.
வைத்துவிட்டு நடந்தேன்.

மூன்றாவது, ஓல்ட்டன் ஸ்டேசன், ஏழாம் மேடை,
நாற்பத்தைந்து பிராங்.
சூரிக் ரயிலுக்கு ஆறு நிமிடம் இருக்க
ஹெங்கி என்ற மனிதர் உறையைத் திறந்தார்.
தலை நிமிர்ந்தது, பக்கத்துக்கும் திரும்பியது.
திரும்பாத தலை எனக்கு வேண்டாம் என்பதில்
நான் உறுதியாய் இருந்தேன்.
நாலு சின்னப் பற்றரி. இறக்க ஏற்ற ஒரு பொத்தான்.
"இதுக்கு மூளை இல்லை" என்றார்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
பரவாயில்லை, வெளிச்சம் இருக்கிறதா என்றேன்.
மேடைத் தூணில் ஒருமுறை அடித்துக் காட்டினார்.
புறா ஒன்று எழும்பிப் போனது.

வீட்டில் பொத்தானை அமத்தி அமத்திப் பார்த்தேன்.
இரண்டில் ஒன்று, நாலில், எட்டில், பதினாறில்,
இப்படியே நூற்றிருபத்தெட்டில் ஒன்றுவரை.
எங்கேயோ கேட்ட கணக்கு.
அரை, கால், அரைக்கால், வீசம்,
அரைவீசம், கால்வீசம், அரைக்கால்வீசம்!
மிளகு நிறுத்த சொற்கள்
ஒன்றுகூடப் பிசகாமல் வந்து பொருந்தின.
துண்டு டேப்பில் எழுதி முதுகில் ஒட்டினேன்.

இரவு வேலை, ரயில் பெட்டி கழுவுவது.
இடைவேளையில் வெறும் பெட்டியில்
ஷ்ப்ரேசாவைத் துடைப்பத்தோடு நிற்கவைத்தேன்.
முழுசாய் அடித்தால் அவள் சுண்ணாம்பு.
ஜன்னல் கண்ணாடியில் இன்னொரு சூரியன்.
தலையைக் கூரைக்குத் திருப்பினேன்,
ஒளி மேலே போய், மெதுவாகி, மாவாய் இறங்கியது.
அவளுக்கு அரைவீசம் போதும்.
பிறகு அவள் கமராவை வாங்கி என்னை எடுத்தாள்.
அரைவீசத்தில் நான் பல்லும் கண்ணும்.
வீசத்தில்
என் முகம், நான் அறிந்த முகம்.

மாசிமகள் என்ற ஒருவயதுக்காரியின் பிறந்தநாள்,
திரிம்பாக் தேவாலயத்து நிலக்கீழ் மண்டபம்.
கூரை மரம்.
மேலே அடித்தால் எல்லாருக்கும் மஞ்சள்காமாலை.
பேப்பர் தட்டு ஒன்றை ரப்பர் பட்டியால்
பிளாஷின் பிடரியில் கட்டினேன், ஒளி முன்னுக்கு வந்தது.
கிட்டப் போனால் வெளுக்கும். இரண்டு மடங்கு தள்ளினால்
நாலில் ஒன்றுதான் போய்ச் சேரும்.
இரவு முழுக்க முன்னும் பின்னும் நடந்தேன்,
கணக்குப் போட்டபடி, கேக்கை இடறாமல்.

"பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக் காட்டுங்கோ"
என்று அத்தைக்காரி காதுக்குள் சொன்னா.
அரைக்காலுக்கு ஏற்றினால் ஆகும். விரல் அங்கேதான் இருந்தது.
ஓம் அக்கா என்றேன். ஏற்றவில்லை.

ஒரேயொருமுறை, பெரிய குடும்பப் படத்துக்கு, முழுசாய் அடித்தேன்.
பற்றரி இளைத்து, பிளாஷ் நுளம்பு மாதிரி முனகியது.
சிவப்பு விளக்கு வர ஏழு விநாடி.
அந்த ஏழுக்குள்தான்
பிள்ளை தகப்பனின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி
கேக்குக்குள் குத்தியது.
அமத்தினேன். இருட்டு.

இருநூற்றுப் பதினெட்டுப் படம், நாற்பது தேறும்.
அந்த இருட்டையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.
நாளைக்கு இன்னும் நாலு பற்றரி வாங்கவேணும்,
திரும்ப ஏற்றக்கூடியது,
சம்பளம் வந்துவிட்டது.